ஆறாம் இலக்கக் கதிரை

1964 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, உடுப்பிட்டிக்கு அருகே ஒரு மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடந்தது. பருத்தித்துறைக் கழகத்துக்குப் பதினொரு கதிரைகள் போடப்பட்டிருந்தன. பத்தில் ஆட்டக்காரர் இருந்தார்கள். ஒன்றில் சட்டை இருந்தது.

நீலச் சட்டை. முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த 6.

மத்தியஸ்தர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

“ஆறை ஆர் போடுறது?”

“ஒருத்தரும் இல்லை,” என்றான் அணித்தலைவன் கனகரத்தினம். “இனி எப்பவும் ஒருத்தரும் போடமாட்டினம்.”

மேலதிக ஆட்டக்காரன் செபநாயகம் பன்னிரண்டாம் இலக்கச் சட்டையோடு நின்றான். ஒன்றிலிருந்து பதினொன்று வரைதான் செல்லும் என்றார் மத்தியஸ்தர். அவன் ஆறைப் போட்டால் ஆடலாம். இல்லாவிட்டால் பத்துப் பேர்.

“பத்துப் பேரோ? அப்ப கோப்பையை இப்பவே அவங்களிட்டைக் குடுத்திட்டு பஸ் ஏறுவம்,” என்றான் செபநாயகம்.

ஆனால் சட்டையை அவன் தொடவில்லை.

அந்தக் கோப்பைக்காகக் கனகரத்தினம் நான்கு வருடம் ஓடியிருக்கிறான். மேசையில் வெயில் பட்டு அது மின்னியது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னான், பத்துப் பேர் என்று.

போட்டிக் குழுவின் தலைவர் நாகலிங்கத்தார் சச்சரவைத் தீர்க்க வந்தார். கதிரையில் கை மடித்து வைத்திருந்த சட்டையைக் கண்டதும் நின்றார். முகம் இளகியது.

“கடலோ தம்பி?”

பருத்தித்துறைப் பெடியன் ஒருவன் வராவிட்டால் அந்தப் பக்கத்தில் முதலில் கேட்கும் கேள்வி அது.

கனகரத்தினம் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

நாகலிங்கத்தார் மேசைப் பக்கம் சைகை காட்ட, ஒலிபெருக்கி கரகரத்தது. அகால மரணமடைந்த ஆறாம் இலக்க வீரருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி.

மைதானம் முழுதும் எழுந்தது. முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்தார்கள். ஐஸ்பழக்காரன் மணியைப் பொத்திப் பிடித்தான். நாகலிங்கத்தார் தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார்.

ஒரு நிமிடம் முடிந்தது.

கனகரத்தினம் வேலிப் பக்கம் திரும்பினான்.

“டேய் வல்லிபுரம், உள்ளுக்கு வா. உன்ரை கதிரை சும்மாதான் கிடக்கு.”

வேலிக்கு வெளியே நின்ற ஒருவன் சைக்கிளைப் பூவரசில் சாத்தினான். வேலியைத் தாண்ட விட்டிருந்த கடப்பால் ஏறி உள்ளே வந்தான்.

போன ஆண்டு ஆட்டம் முடிந்து இதே கதிரைகளில் பத்துப் பேருக்கு மூக்குப்பேணியில் தேநீர் வந்தது. ஆறாம் இலக்கக்காரனை மட்டும் எழுப்பி, மரத்தடிக்கு அனுப்பி, சிரட்டையில் ஊற்றினார்கள். ஊற்றச் சொன்னவர் நாகலிங்கத்தார். அவன் முகத்தை அவர் அன்று பார்க்கவில்லை. வல்லிபுரம் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பருத்தித்துறை வரை நடந்தே போனான். இந்த மண்ணில் இனிப் பந்து தொடமாட்டேன் என்றான். அவனுடைய இலக்கத்தை வேறு எவரும் போடுவதில்லை என்று கழகம் தீர்மானித்தது.

இப்போது அவன் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். சனம் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

“எல்லாரும் எனக்காக எழும்பி நிக்கேக்கை நான் இருக்கிறது மரியாதையோ அண்ணை?”

எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். நாகலிங்கத்தாரின் சால்வை கையிலேயே இருந்தது.

ஆடுகிறாயா என்று மத்தியஸ்தர் கேட்டார். வல்லிபுரம் இல்லை என்று தலையாட்டினான்.

ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. பருத்தித்துறை பத்துப் பேரோடு ஆடி, மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது.

அந்த ஆண்டு ஒருவருக்கும் தேநீர் கொடுக்கப்படவில்லை.