ஜீனின் இரண்டாவது வேலை

தரகர் சொன்னாரென்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்க வந்த செல்லத்தாய்க்கு ஒரே ஒரு கவலைதான். பெண் ஆராய்ச்சி செய்கிறவள். மகன் கௌதம்ராஜோ நூல் மில் சூப்பர்வைசர். முன்பின் பார்த்திராத இந்த இரண்டு பேரும் என்னத்தைப் பேசிக்கொள்வார்கள்?

"என்ன ஆராய்ச்சிம்மா பண்ணுத?" என்று பெண்ணிடம் கேட்டுவைத்தாள்.

முனீஸ்வரி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள். "ஈஸ்ட்ல ஒரு ஜீனைப் பத்தி, அத்தை. ஈஸ்ட் தன்னோட டி.என்.ஏ.வை நகலெடுக்கையில அங்கங்க பிழை விழும். அந்த ஜீன் அதைக் கண்டுபிடிச்சுத் திருத்தும். அம்புட்டுதான் அதோட வேலை."

"இன்னொரு வேலையும் இருக்குல்லா?" மிக்சரை மென்றபடியே கௌதம்ராஜ் திருத்தினான். "சரியாப் பொருந்தாத ரெண்டு டி.என்.ஏ. இழைய ஒண்ணு சேர விடாது."

செல்லத்தாய் மகனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே, பத்தாங்கிளாஸ் சயின்ஸ்லயே கோட்டை விட்டவன் நீ. எம்புட்டு நாளா நடக்கு இந்தப் பாடம்?"

மிக்சர் அவன் தொண்டையில் சிக்கியது. "ரெ... ரெண்டு வருசமாம்மா."

"மூணு," என்று திருத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் முனீஸ்வரி.