கூட வந்தவர்

மறதிக்கான புது மருந்தைச் சோதித்துப் பார்க்க அலெக்ஸாண்ட்ரியா மருத்துவமனையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் லமீஸ் முன்னால் இனாயாத் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் ஷவ்கி பக்கத்து அறையில் இருந்தார். நோயாளி சொல்வது சரியா என்று கூட வந்தவரிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்ப்பது அங்கே வழக்கம்.

“போன வெள்ளிக்கிழமை மதியம் என்ன சாப்பிட்டீங்க?”

“மகள் வீட்ல முயல் கறி.”

டாக்டர் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “வீட்லயே மீன் சாப்பிட்டோம்னு அவர் சொல்றாரே?”

“அவர் சொல்வார். நான் சொன்னதை எழுதுங்க!”

“இன்னிக்கு எதுல வந்தீங்க?”

“டாக்ஸியில.”

பக்கத்து அறையில் கேட்டபோது ஷவ்கி டிராம் என்றார்.

“ரெண்டுமே தப்பு, ஹாஜ்ஜா,” என்று பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு சொன்னார் டாக்டர். “கோபப்படாதீங்க, உங்களைச் சோதனையில சேத்துக்கறோம்.”

“தப்புன்னு யார் சொன்னது? அவர்தானே?”

இனாயாத் கைபேசியை மேசைமேல் வைத்தாள். வெள்ளிக்கிழமை எடுத்த படம். மகள் வீட்டில் ஷவ்கி முயல் காலைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரின் பேனா நின்றது. “அப்புறம் எதுக்கு உங்களுக்கு மறதின்னு பேர் குடுத்தீங்க?”

“‘உங்களுக்கு மறதி, டாக்டர்கிட்ட போலாம்’னு அவர்கிட்ட சொன்னேன். ஒரு வாரம் என்கூட பேசல. அப்புறம் எனக்குத்தான் மறதின்னேன். உடனே சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார்.”

“அவர் சம்மதிக்கணுமே, ஹாஜ்ஜா...”

“இங்க வரைக்கும் கொண்டுவந்தது என் வேலை. இனிமே உங்க வேலை. அவரைக் கூப்பிடுங்க!”

எழுந்து தன் நாற்காலியைக் கணவருக்காக இழுத்துப் போட்டாள்.

“கூட வந்தவங்க பேர் இருக்கற இடத்துல என் பேரை எழுதுங்க.”