கேரவனின் கதவு

2003 ஏப்ரலில், பீன்யா பட்டறையில் சொல்லிச் செய்த தகரக் கேரவனை ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தயாளனும் அவன் மனைவி வாசுகியும் முதல் பயணம் கிளம்பினார்கள். நெலமங்களா தாண்டுவதற்குள் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, பின்விளக்கு அணைந்துபோனது. டீக்கடையில் நிறுத்தியபோது வாசுகி பாட்டில் எடுக்கக் கேரவனுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

ஏரிக்கரை மரத்தடியில் இறங்கியபோது கேரவனின் கதவு திறக்கவில்லை. தயாளன் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான்.

"என்னங்க, எவ்ளோ நேரமா தட்டறேன்! லாக் மாட்டிக்கிச்சு. மூச்சு முட்டுது, சீக்கிரம் தெறங்க."

உள்ளிருந்து வந்தது வாசுகியின் குரல்.

தயாளன் திரும்பினான். வாசுகி அவன் தோளருகே நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது.

"தெறக்காதீங்க," என்றாள்.

"யாருங்க அது, உங்க பக்கத்துல?" உள்ளே இருந்தவள் அழ ஆரம்பித்தாள்.

அந்த அழுகை தயாளனுக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. ஆனாலும் எதிரே நிற்பவளை மீற அவனுக்குப் பயமாக இருந்தது.

அவள் ஸ்க்ரூடிரைவரை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "வெயில்ல கொண்டுபோய் நிறுத்துங்க. தானா அடங்கிடும்."

அவன் சொன்னபடியே கேரவனை வெயிலில் நிறுத்தினான். தட்டும் சத்தம் ஓயும்வரை இருவரும் மரநிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள்.