இரண்டு ஸ்பீக்கர் ஹோம் தியேட்டர்

மழை கேட்டது. வயலின் கேட்டது. திரையில் ஒரு பெண் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள்.

அவள் பேச்சு மட்டும் கேட்கவில்லை.

அவர் ஒயர்களைப் பிடுங்கி மறுபடி செருகினார். ஒன்றும் மாறவில்லை.

மகள் வாங்கித் தந்த புது டிவிக்கு உடம்புதான் பெரிது, குரல் கீச்சுக்குரல். அதனால்தான் பரணிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையரை இறக்கி, டிவிடி பிளேயரோடும் இரண்டு ஸ்பீக்கர்களோடும் இணைத்தார். அந்த ஆம்ப்ளிஃபையரைக் காயலான் கடையில் போடச் சொல்லிவிட்டுத்தான் மகள் பெங்களூருக்குப் போயிருந்தாள்.

வால்யூமைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

மழைதான் வலுத்தது.

பிறகுதான் உறைத்தது. பிளேயர் பேச்சையெல்லாம் நடு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இவரிடம் நடு ஸ்பீக்கரே கிடையாது. இந்தக் கிழட்டு ஆம்ப்ளிஃபையருக்குத் தெரிந்தது இடமும் வலமும்தான்.

மெனுவைத் தேடிப் பிடித்து 'ஸ்டீரியோ' என்று மாற்றினார்.

வீடு முழுக்க மனிதர்கள் பேசினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

குறைக்கக் கை போனது.

குறைக்கவில்லை.

இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்து தீபாவளியும் பொங்கலும் போய்விட்டன. லிஃப்டில் எல்லோரும் ஃபோனைப் பார்க்கிறார்கள். அழைப்பு மணியை அழுத்துவது கூரியர்காரர்கள் மட்டும்தான்.

இவ்வளவு சத்தம் போட்டால் யாராவது வந்து கதவைத் தட்டித்தானே ஆக வேண்டும்? திட்டட்டுமே. திட்ட வந்தவருக்கு ஒரு வாய் காபி கொடுத்தால் குடிக்காமலா போய்விடுவார்?

பனியனுக்கு மேல் ஒரு நல்ல சட்டையை மாட்டிக்கொண்டார். பாலை அடுப்பில் வைத்தார்.

பால் பொங்கி அடங்கியது. யாரும் வரவில்லை.

ஃபோன்தான் அதிர்ந்தது. குடியிருப்பு வாட்ஸப் குழு.

"மூணாவது மாடி அங்கிள், ஞாயித்துக்கிழமை மத்தியானமாவது தூங்க விடுங்க. சவுண்டக் குறைங்க, ப்ளீஸ்."

அனுப்பியவர் மிருதுளா; பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்த வீட்டு எண்படி நேர் கீழ் வீடு. அந்தப் பெயரையே இப்போதுதான் பார்க்கிறார். அதன் கீழே ஒவ்வொரு வீடாகக் கட்டைவிரலைத் தூக்கியது.

அவருக்குக் கோபம் வந்தது. ஒரு மாடி ஏறி வந்து சொன்னால் கால் தேய்ந்துவிடுமா? கோபம் போன பிறகு அழுகை முட்டியது.

'மன்னிக்கவும்' என்று அடித்தார். அழித்தார்.

வெகுநேரம் யோசித்து வேறொன்று எழுதினார்.

"எவ்வளவு குறைக்கணும்னு எனக்குத் தெரியலம்மா. ஒரு தடவ மேல வந்து கேட்டுட்டு சொல்லுங்க."

அனுப்பினார்.

பிறகு போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார்.

சத்தம் படிக்கட்டில் இறங்கிப் போனது.