சங்கத்துப் பையன்

"சங்கமும் வேண்டாம், கிங்கமும் வேண்டாம். படிக்கிற வழியப் பாரு."

பூங்கோதை கறாராகச் சொல்லிவிட்டாள். மகள் தாரிணி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரம் அது. மாணவர் தமிழ்ச் சங்கத்தில் பெயர் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

"வாரத்துல ஒரு நாள்தாம்மா."

"அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. அப்புறம் டான்ஸும்பாங்க, நாடகம்பாங்க, பார்பிக்யூம்பாங்க. லின்ஃபீல்ட்ல இருக்கிற மரகதம் வீட்டுப் பையன் என்ன ஆனான்? சங்கத்துக்குச் செயலாளர் ஆனான். ரெண்டு பேப்பர்ல ஃபெயிலும் ஆனான்."

தாரிணிக்கு டாக்டராக வேண்டும். குடியேறி வந்த இந்த நாட்டில் அது லேசுப்பட்ட காரியமா? முதல் வருஷம் எல்லோரோடும் சேர்ந்து படித்து, மார்க் வாங்கி, அதற்குமேல் இன்டர்வியூவிலும் தேறினால்தான் மருத்துவத்துக்குள் விடுவார்கள். இடம் கொஞ்சம், ஆசைப்படுகிறவர்கள் ஏகப்பட்ட பேர். மகளுக்கு நல்ல ஸ்கூல் கிடைக்க வேண்டும் என்றே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஸ்கூலுக்குப் பக்கத்தில், எப்சம் பகுதியில் அதிக வாடகை கொடுத்துக் குடியிருக்கும் குடும்பம். பூங்கோதை பயந்ததைத் தப்பென்று எப்படிச் சொல்வது?

தாரிணி சொன்ன பேச்சைக் கேட்டாள். வீட்டை விட்டால் கிளாஸ், கிளாஸை விட்டால் லைப்ரரி. அடேயப்பா, மார்க்கை அள்ளிக்கொண்டு வந்தாள். இன்டர்வியூவுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கேதான் வந்தது வினை. இன்டர்வியூவில் அறை அறையாகப் போக வேண்டும். ஒவ்வொரு அறையிலும் முன்பின் தெரியாத ஒருவர் ஏதாவது ஒரு சிக்கலைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்பாராம். பூங்கோதை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தானே கேட்டுப் பார்த்தாள்.

"நோயாளி மாத்திரை சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்கிறார். நீ என்ன பண்ணுவே?"

தாரிணி வாயைத் திறந்தாள், மூடினாள். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"என்னால முடியாதும்மா. வருஷம் பூரா நான் யார்கூடவும் பேசவே இல்ல. திடீர்னு பேசுன்னா எப்படிப் பேசுவேன்?"

பூங்கோதை நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். இவ்வளவு தூரம் வந்து வாசலில் திரும்புவதா?

"சரி, அழாத. யாராவது சொல்லித் தர ஆள் இருக்காங்களா?"

தாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சங்கத்துல யசீகரன்னு ஒருத்தன் இருக்கான். அவன்தான் எல்லாருக்கும் சொல்லித் தர்றானாம். உறுப்பினரா இல்லாட்டியும் பரவாயில்லையாம்."

சங்கமாவது! ஆனால் வேறு வழியில்லை. "வரச் சொல்லு" என்றாள் பூங்கோதை, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

மறுநாள் சாயங்காலமே யசீகரன் ஏவன்டேல் பக்கத்திலிருந்து வந்து நின்றான். நல்ல உயரம், கொஞ்சம் தாடி. மூன்றாவது, நான்காவது வருஷத்துப் பையனாக இருப்பான் என்று பூங்கோதை தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

பையன் சாமர்த்தியசாலி. மாத்திரை தின்னாத கிழவராக வந்தான். மகனைப் பறிகொடுத்த அப்பாவாக வந்தான். அந்த அப்பா விக்கி விக்கி அழுதபோது, அடுப்படியிலிருந்து பூங்கோதையே ஓடிவந்து தண்ணீர் கொடுத்துவிட்டாள். தாரிணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததும் பயம் விட்டது, பேச்சு வந்தது. தினமும் வந்தான். அந்த வாரம் முடிவதற்குள், 'இவளா என் மகள்!' என்று பூங்கோதை அசந்துபோகிற மாதிரி தாரிணி பேசினாள்.

கடைசி நாள் அவனுக்கு தோசை வார்த்துப் போட்டாள் பூங்கோதை. போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

"தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்கோ அன்ரி."

"இன்டர்வியூ முடியற வரைக்கும் வேற யாருக்கும் சொல்லித் தராதப்பா. இவளுக்குப் போட்டியா வர்றவங்கதானே அவங்கல்லாம்? அவங்கள நீயே தயார் பண்ணி விடலாமா?"

"அம்மா!" என்று கத்தினாள் தாரிணி.

யசீகரன் தோசையைப் பிய்த்தபடியே சிரித்தான். "விளங்குது அன்ரி. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் பூங்கோதை. இன்னொரு தோசை போட்டாள்.

இன்டர்வியூ நாள். பூங்கோதைதான் காரில் கூட்டிப்போனாள். கட்டடத்து வாசலில் பிள்ளைகள் கூட்டம், எல்லோர் முகத்திலும் கலக்கம். கூட்டத்திலிருந்து டை கட்டிக்கொண்டு யசீகரன் வந்தான்.

"பாருடி, உன்னை அனுப்பி வைக்கறதுக்குன்னே வந்திருக்கான்" என்று பூரித்துப்போனாள் பூங்கோதை.

"பயப்பிடாமல் கதையும் தாரிணி. உமக்குக் கட்டாயம் கிடைக்கும்" என்றான் அவன்.

அப்போது வாசலில் நின்ற பெண்மணி கையிலிருந்த தாளைப் பார்த்துக் கூப்பிட்டாள். "யசீகரன் நவரத்தினம்!"

"வாறன் அன்ரி" என்று தலையை ஆட்டிவிட்டு அவன் உள்ளே போனான்.

பூங்கோதைக்கு ஒன்றும் புரியவில்லை. "இவன் எதுக்கு உள்ள போறான்?"

"இன்டர்வியூவுக்குத்தான். அவனும் என் கிளாஸ்தாம்மா. முதல் வருஷம்."

தோசைக்குப் பக்கத்தில் நின்று பேசிய பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது பூங்கோதைக்கு. முகம் செத்துப்போயிற்று.

"ஏண்டி, இத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

தாரிணி அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"சொல்லியிருந்தா அவன வீட்டுக்குள்ள விட்டிருப்பியாம்மா?"