எட்டாவது படத்து வெயில்

எட்டாவது படத்தில்தான் அவன் மனைவி மாட்டிக்கொண்டாள்.

கழுவிக் காயவைத்த நெகட்டிவைச் சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை எண்ணினான். முதல் ஏழும் ஆறு, பாலம், படகு என்று ஒழுங்காகத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் கடுகளவு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். எட்டாவதிலோ பாதிப் படமே வெளிச்சம் பட்டுக் கருகிக் கிடந்தது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வெறும் காலி.

பழைய மடக்குக் கேமராக்களுக்கு அவன்தான் டாக்டர். எந்த மூலையில் வெளிச்சம் கசிகிறது என்று படத்தில் விழுந்த பொட்டை வைத்தே சொல்லிவிடுவான். லென்ஸை டார்ச்சுக்கு நேரே சாய்த்தால் போதும், படிந்திருக்கும் புகை பூஞ்சையா எண்ணெயா என்று தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவனுக்கே டிமிக்கி கொடுத்தது ஒரே ஒரு லென்ஸ், பல் டாக்டரம்மாவுடையது. ஐந்து வியாழக்கிழமையாகத் தன் கடையில் கழற்றிக் கழற்றித் துடைக்கிறான், புகை போனபாடில்லை.

அது கிடக்கட்டும். இப்போது அவன் வயிறு எரிந்தது குறுந்தாடியை நினைத்து.

குறுந்தாடி என்பவன் வியாழக்கிழமைதோறும் ஏழெட்டுப் பேரைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போகிறவன். இரண்டு மாதமாக இவளும் போகிறாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்குவதே "அவர் என்ன சொன்னார் தெரியுமா" என்ற பேச்சோடுதான். பதினெட்டு வருஷமாக இவன் சொன்ன ஒரு ஜோக்குக்கும் சிரிக்காதவள், அவன் அனுப்பும் செய்தியைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாள். இவள் எங்கே கைவிட்டுப் போய்விடுவாளோ என்று இவனுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

அதைவிட அவளுடைய துணிச்சல்தான் இவனுக்குப் பொறுக்கவில்லை. "கேமராவுல எங்கேயோ ஓட்டை இருக்குபோல, நீங்களே கழுவிப் பாத்துச் சொல்லுங்க" என்று ஃபிலிமை இவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாளே!

காய்ந்த துணிகளோடு அவள் உள்ளே வந்தாள். மேஜைமேல் போட்டு ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

"ஓட்டை கிடைச்சுதா?"

"கிடைச்சுது. லென்ஸுக்குப் பின்னாடி தோல் மடிப்புல, மூணாவது மூலைல. குண்டூசி முனை அளவுதான்."

"அடைச்சிடலாமா?"

"கறுப்புப் பெயின்ட் ஒரு சொட்டு போதும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும்." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. "வியாழக்கிழமை ஆத்தங்கரையில எடுத்து முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன்னுதானே சொன்னே?"

"ஆமா, சொன்னேன்."

"பொய்!"

அவள் ஒரு சட்டையின் கையை உள்ளே மடக்கி நீவிவிட்டாள்.

"இங்க பாரு." நெகட்டிவை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். "எடுத்தவுடனே மடக்கிட்டா பொட்டுதான் விழும். கேமராவை மடக்காம விரிச்சபடியே கையில வெச்சுகிட்டு, வெயில்ல ஒரே இடத்துல ஒரு மணி நேரம் நின்னாத்தான் இப்படிக் கருகும். உனக்குப் பொய் சொல்லத் தெரியும். ஃபிலிமுக்குத் தெரியாது."

"ஒரு மணி நேரம்னு அவ்வளவு சரியா சொல்லிட முடியுமா?"

"என் தொழில் அது."

"ஒரு மணி பத்து நிமிஷம்," என்றாள் அவள்.

அழுவாள், மழுப்புவாள், சத்தியம் செய்வாள் என்று எதிர்பார்த்திருந்தான். இப்படிக் கணக்காகத் திருத்துவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

கருகாமல் தப்பிய பாதியை விரலால் தட்டிக் காட்டினான். இரண்டு படி, அதற்கு மேல் சாத்திய கதவு ஒன்றின் அடிப்பாகம். அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"யார் வீட்டு வாசல் இது? அந்தக் குறுந்தாடி வீடா?"

"அவர் அன்னிக்கு வரவே இல்லைங்க. காய்ச்சலாம். அதான் எல்லாரும் சீக்கிரம் கிளம்பிட்டோம்."

பிடித்து வைத்திருந்த ஆள் நழுவியதும் கோபம் இரண்டு மடங்கானது. பேர் தெரியாத இன்னொருவன்மேல் பொறாமைப்படுவது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அப்போ எவன்? எவன் வீட்டு வாசல்ல நின்னே?" என்று கத்தினான். "மொட்டை வெயில்ல ஒரு மணி நேரம் உன்னை நிக்க வெச்சிருக்கான்னா அவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்! அன்னிக்கு மத்தியானம் நான் கடையைச் சாத்திட்டு, தோல் ஒட்டற பசை வாங்க மார்க்கெட் பூரா அலைஞ்சுகிட்டிருக்கேன். நீ என்னடான்னா எவன் கதவு எப்பத் திறக்கும்னு கேமராவும் கையுமா காத்துகிட்டு நின்னிருக்கே!"

அவள் கடைசிச் சட்டையையும் மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அவன் கையிலிருந்த நெகட்டிவை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, எட்டாவது படத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அதை அவன் சட்டைகளின்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நம்ம கடைக்கு எதிர்லதாங்க நின்னேன், பல் டாக்டரம்மா உள்ளேயிருந்து வெளியே வர்ற வரைக்கும்."