கோணல் ஃபேன்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

இரண்டாயிரத்து எழுபதில் ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்த 'கீக்' என்று பேர் வாங்கியவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. சூலூர் மாசிலாமணிக்குப் பழைய சீலிங் ஃபேன் என்றால் உயிர். சத்தத்தைக் கேட்டே எந்த வருஷத்து மோட்டார் என்று சொல்லிவிடுவான். பெண் வீட்டார் லேசுப்பட்டவர்களா? மாப்பிள்ளைக்கு எதில் பித்து என்று விசாரித்து, அதையே எதிரில் வைத்துச் சோதிப்பது அன்றைய சம்பிரதாயம். போன வீட்டிலெல்லாம் மாசிலாமணியின் தலைக்கு மேல் ஒரு கோணல் ஃபேனைச் சுற்றவிட்டார்கள். அவன் அண்ணாந்து பார்த்தான், சம்பந்தம் முறிந்தது.

கடைசியில் அம்மா அவனைப் பித்து தெளியும் ஊசிக்கு இழுத்துப் போனாள்.

"இனி எதுமேலயும் ஆசை வராதுங்க," என்றார் கம்பவுண்டர்.

அடுத்துப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் ஃபேன் கடகடத்தது. மாசிலாமணி காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பூங்கோதை மெல்லக் கேட்டாள்:

"ஏனுங்க, மேல சத்தம் கேக்கலீங்களா?"

"இல்லீங்க."

"பையன் சொக்கத் தங்கம்!" என்றார் பெண்ணின் அப்பா. கல்யாணம் முடிந்தது. அந்த ஃபேனையும் சீரோடு அனுப்பிவிட்டார்கள். அதனடியில்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள்.

"அன்னிக்கு ரெக்கையை இன்னுங் கொஞ்சம் வளைச்சு விட்டது நாந்தானுங்க," என்றாள் ஒருநாள். "நீங்க அண்ணாந்து பாக்கோணும்னு அத்தனை ஆசை."

"அப்படியா," என்று அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

ஊசி போட்ட அன்று ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்திருந்தது. கம்பவுண்டர் ஏற்றியது வெறும் உப்புத் தண்ணீர். அது மாசிலாமணிக்கு இன்றுவரை தெரியாது.